மண்ணில் பாதி, வயிற்றில் பாதி

ஜூன் மாதத்தின் கடைசி நாட்களில், 45 டிகிரி வரை ஏறி நின்ற வெயில் தணிந்து, டெல்லி மாநகரின் மேல் முதல் பருவமழை இறங்கியதும், யமுனையின் கரையை ஒட்டிக் கிடக்கும், இவ்வூரார் 'காதர்' என்று அழைக்கும் தாழ்ந்த வண்டல் நிலத்திலிருந்து மண்புழுக்கள் வெளிவந்து ஈரத்தில் நெளிவதைக் காணலாம். நம் கிராமத்து ஜனங்கள் இவற்றை நாக்குப்பூச்சி என்பார்கள். அதே பெயரைத்தான், குழந்தையின் வயிற்றிலிருந்து சில வேளைகளில் வெளிப்படும், வெளிறிய சிவப்பு நிறமும் பென்சில் பருமனும் கொண்ட மற்றொரு புழுவுக்கும் நம் பாட்டிமார் வழங்கினார்கள். மருத்துவ நூலார் இதனை உருளைப்புழு என்கிறார்கள். டெல்லித் தாய்மார்கள் 'பேட் கே கீடே', வயிற்றுப் பூச்சி, என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள்.

நிலத்துப் புழுவுக்கும் வயிற்றுப் புழுவுக்கும் ஒரு பெயரே அமைந்தது நம் பாஷைக்கு மட்டும் உரிய விசேஷம் அன்று. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758இல் இந்த ஜீவனுக்குச் சூட்டிய 'அஸ்காரிஸ் லும்ப்ரிகாய்டெஸ்' என்னும் பெயரின் பின்பாதிக்கு 'மண்புழுவை ஒத்தது' என்பதே பொருள். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, நம் ஆயுர்வேத கிரந்தமான மாதவநிதானம், சரீரத்தினுள் வாழும் கிருமிகளில் சில மண்புழுவின் உருவம் உடையவை என்று குறித்து வைத்திருக்கிறது. உடற்கூற்றைக் கொண்டு பார்த்தால் இவ்விரண்டும் உறவினர் அல்ல. மண்புழுவின் உடல் வளையம் வளையமாகப் பகுக்கப்பட்டது, உருளைப்புழுவின் உடலோ கண்ணாடிக் குழல்போல ஒரே சீரானது. ஆயினும் இந்தப் பெயரை நான் தவறென்று தள்ள விரும்பவில்லை. மனிதனுடைய குடலையே வீடாகக் கொண்டதென்று நாம் எண்ணியிருக்கும் இந்தப் பிராணியின் ஆயுளில் ஒரு பாகம் மண்ணிலேயே கழிகிறது. மண்ணைத் தொடாமல் அதன் வம்சம் ஒரு தலைமுறைகூட நீடிக்க முடியாது. வயிற்றில் நிகழ்வதைப் பற்றி நாம் அறிந்திருக்கும் அளவுக்கு, அந்த மண்வாசத்தைப் பற்றி அறியாதிருப்பதனாலேயே இந்தப் புழு இன்னும் நம்முடன் இருக்கிறது என்பது என் துணிவு.

ஆகவே முட்டையிலிருந்தே தொடங்குவது முறை. வளர்ந்த பெண்புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் முட்டைகளை இடுகிறது. ஓராண்டுக்குக் கணக்கிட்டால் 7 கோடியைத் தாண்டும். ஒரு தாய் தன் சந்ததியை இத்தனை தாராளமாக இறைப்பதிலிருந்தே, அச்சந்ததியில் பிழைப்பவை எவ்வளவு சொற்பம் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நீளமே உள்ள அந்த முட்டையை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தால், பித்தநீரின் சாயம் ஏறிய பழுப்பு நிறத்தில், மேலெல்லாம் சிறு சிறு மேடுகள் எழுந்த ஒரு போர்வை தெரியும். எந்தப் பொருளின் மீதும், விரல் நகத்தின் அடியிலும் கீரையின் இலையிலும், ஒட்டிக்கொள்ளும் பசைத்தன்மை அந்தப் போர்வைக்கு உண்டு. அதன் உள்ளே கைட்டின் என்னும் உறுதியான பொருளால் ஆன ஓடும், அதற்கும் உள்ளே வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத ஒருவகைக் கொழுப்பினால் ஆன மெல்லிய தோலும் இருக்கின்றன. இந்தக் கொழுப்புத் தோல்தான் அதன் கவசம். காற்றை உள்ளே விடும். அமிலத்தையும் விஷத்தையும் உள்ளே விடாது. செத்த உடல்களைக் கெடாமல் காக்க உதவும் ஃபார்மலினைச் சிறிதளவு கலந்த நீரிலேயே ஆராய்ச்சியாளர்கள் இம்முட்டைகளைச் சௌகரியமாக வளர்த்தெடுக்கிறார்கள் என்றால், குடிநீரில் நாம் கலக்கும் குளோரின் இவற்றை என்ன செய்துவிடப் போகிறது? குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களின் மணல் வடிகட்டிகள் இவற்றைத் தடுத்து நிறுத்துவது உண்மையே. ஆனால் அது முட்டையின் பருமனால் நேரும் பயன், மருந்தின் வலிமையால் அன்று.

இத்தனை காவலோடு வெளிவரும் முட்டை, வெளிவந்த அன்று யாருக்கும் தீங்கு செய்ய வல்லதன்று. அதனுள் இருப்பது பிளவுபடாத ஒரே ஓர் உயிரணு. அதனை அன்றே விழுங்கினாலும் ஒன்றும் நேராது. வயிற்றில் புழு உள்ள குழந்தையைத் தொட்டு எடுத்துக் கொஞ்சுவதனால் அந்தப் புழு மற்றொருவருக்கு ஒட்டிக்கொள்வதும் இல்லை. குடலின் உள்ளே கிடைக்காத பிராணவாயுவும், ஈரமும், 25 முதல் 30 டிகிரி வரையுள்ள மிதமான வெப்பமும் சேர்ந்த இடத்தில் இரண்டு மூன்று வாரமாவது அது கிடந்தாக வேண்டும். அப்போதுதான் ஓர் அணு இரண்டாகி, இரண்டு நான்காகி, முடிவில் ஒரு சிறு புழு ஓட்டுக்குள்ளேயே சுருண்டு அசையத் தொடங்கும். அங்கேயே இரண்டு முறை சட்டையும் உரித்துக்கொள்ளும். அந்த நாள் வரையில் மண்ணே அதன் இரண்டாவது கர்ப்பப்பை.

டெல்லியின் மண் இந்தக் கர்ப்பத்தை ஆண்டு முழுவதும் ஒரே விதமாகத் தாங்குவதில்லை. சித்திரை வைகாசியின் வெயிலில் மேல்மண் காய்ந்து கொதிக்கும்போது வெட்டவெளியில் கிடக்கும் முட்டைகள் மடிகின்றன. உலர்ச்சியும் நேரான சூரிய ஒளியும் இதற்குப் பரம விரோதிகள். ஆனால் கைப்பம்பின் அடியிலும், சாக்கடை ஓரத்து நிழலிலும், ஈரத்தை விடாமல் பிடித்து வைக்கும் களிமண்ணிலும் கிடப்பவை பிழைத்துக் கொள்கின்றன. ஆடி ஆவணி மழைக்காலம் அவற்றுக்கு வசந்தம். மார்கழி தை மாதங்களில், மூடுபனி இறங்கி நிலம் 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்து போகும்போது கருவின் வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஆயினும் கரு சாவதில்லை. ஹோலிப் பண்டிகை நெருங்கி மண் சூடேறத் தொடங்கியதும், விட்ட இடத்திலிருந்து அது மறுபடி தொடர்கிறது. தகுந்த மண்ணில் இம்முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடந்ததைக் கண்டிருக்கிறார்கள். வயிற்றிலுள்ள தாய்ப்புழுவின் ஆயுளோ ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. தாயைக் காட்டிலும் நீண்ட ஆயுள் முட்டைக்கு வாய்த்திருக்கிறது என்பதை நாம் நினைவில் இருத்த வேண்டும்.

யமுனை நதி வஜீராபாத் அணையிலிருந்து ஒக்லா வரையில் டெல்லிக்குள் ஓடும் தூரம் சுமார் 22 கிலோமீட்டர்; நதியின் முழு நீளத்தில் இது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. ஆயினும் அதன் அசுத்தத்தில் பெரும்பகுதி இந்தச் சிறு தூரத்திலேயே வந்து சேர்கிறது. ஒரு காலத்தில் சாஹிபி என்னும் நதியாக இருந்து இன்று நஜஃப்கட் கால்வாய் என்னும் சாக்கடையாகிவிட்ட நீரோட்டம் வஜீராபாத்துக்குச் சற்றுக் கீழே யமுனையில் கலக்கிறது. உருளைப்புழுவின் முட்டை நீரைக் காட்டிலும் கனமானதாகையால், ஓட்டம் தணிந்த இடத்திலெல்லாம் அடியில் படியும். சுத்திகரிப்பு நிலையங்களில் தெளிந்த நீர் மேலே போய்விட, முட்டைகள் கீழேயுள்ள சேற்றில் திரண்டு நிற்கும். பச்சையாக உண்ணும் பயிருக்குப் பாய்ச்சும் நீரில் லிட்டருக்கு ஒரு முட்டைக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருக்கிறது. ஒரு லிட்டருக்கு ஒன்று! யமுனையின் வெள்ளச் சமவெளியில் உண்ணும் பயிர்களை விளைவிக்கலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஜனவரியில் ஆணையிட்டது. அவ்வாணையின் முக்கியமான கவலை நீரிலும் மண்ணிலும் சேர்ந்த உலோக விஷங்களைப் பற்றியது எனினும், முட்டைகளுக்கும் அது பொருந்தாமல் இல்லை. குளிர்காலத்தில் டெல்லித் தெருக்களில் தள்ளுவண்டிக்காரர் வெள்ளை முள்ளங்கியைச் சீவிப் பிளந்து, எலுமிச்சையும் மசாலா உப்பும் தடவிக் கொடுப்பதை விரும்பி உண்ணாதவர் அரிது. அந்த முள்ளங்கியைத் தோல் நீக்கிக் கொடுப்பது ஒரு பெரிய பாதுகாப்பு. அதன் மேல் தெளித்த நீர் எத்தகையது என்பதுதான் கேள்வி.

முதிர்ந்த முட்டை வாய்வழியே உள்ளே சென்று சிறுகுடலை அடைந்ததும், உடலின் வெம்மையாலும் அங்குள்ள கரியமில வாயுவாலும் தூண்டப்பட்டு, கால் மில்லிமீட்டர் நீளமுள்ள புழு ஓட்டைக் கரைத்துக்கொண்டு வெளிப்படுகிறது. வந்து சேர வேண்டிய இடத்துக்கே வந்துவிட்டது. இனி அங்கேயே தங்கி வளரலாம் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். வெகுகாலம் விஞ்ஞானிகளும் அப்படியே எண்ணினார்கள். இத்தாலிய தேசத்து பத்திஸ்தா கிராஸி என்னும் மேதை, பிரேதப் பரிசோதனையில் கிடைத்த முட்டைகளைப் பல மாதங்கள் ஈரத்தில் வைத்திருந்து 1879இல் அவற்றில் நூற்றைத் தாமே விழுங்கி, ஒரு மாதத்தில் தம் மலத்தில் முட்டைகள் தோன்றியதாக எழுதினார். விழுங்கிய முட்டை வளர்ந்து தானே முட்டையிடத் தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதை இன்று அறிவோமாகையால், அவர் கண்ட முட்டைகள் வேறு எங்கோ முன்னமே பெற்ற புழுவினுடையவை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. ஆயினும் உண்மையை அறியத் தம் சரீரத்தையே சோதனைச்சாலையாக்கிய அந்தத் துணிவை நான் வணங்குகிறேன்.

உண்மையின் நுனி 1916இல் அகப்பட்டது. அதைப் பற்றியவர் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த எஃப். எச். ஸ்டூவர்ட் என்னும் ராணுவ மருத்துவர். அவர் எலிகளுக்கு முட்டைகளைக் கொடுத்துப் பார்த்தார். எலிகள் சில நாட்களில் மூச்சுத் திணறி நோயுற்றன. அறுத்துப் பார்த்தபோது, குடலில் இருக்க வேண்டிய புழுக்கள் சுவாசகோசத்தில் இருந்தன! எலி ஓர் இடைத்தங்கல் பிராணியாக இருக்கலாம் என்று முதலில் அவர் கருதினார். ஆனால் ஜப்பான் தேசத்து மருத்துவர் ஷிமேசு கோய்னோ 1922இல் 2,000 முட்டைகளைத் தாமே விழுங்கினார். ஒரு வாரத்துக்குள் கடுமையான காய்ச்சலும் இருமலும் அவரைப் பற்றிக்கொண்டன. அந்த நிலையிலும் அவர் தம் கோழையை நாள்தோறும் சேகரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, அதில் உயிரோடு நெளியும் புழுக்களை எண்ணிக் குறித்து வந்தார். பின்னர் மருந்து உட்கொண்டபோது 600க்கு மேற்பட்ட இளம் புழுக்கள் அவர் குடலிலிருந்து வெளிப்பட்டன. எலியில் கண்டது மனிதனிலும் நிகழ்கிறது என்பதில் அதற்குப்பின் ஐயம் இருக்கவில்லை.

அந்தப் பிரயாணத்தின் மார்க்கம் இதுதான். புழு குடலின் சுவரைத் துளைத்து இரத்தத்தில் இறங்கி, முதல் சில நாட்களில் கல்லீரலை அடைகிறது. அங்கிருந்து இதயத்தின் வலப்புறம், அங்கிருந்து சுவாசகோசம். மயிரினும் நுண்ணிய இரத்தக்குழல்களில் மேலும் செல்ல வழியின்றி நின்று, அவற்றைக் கிழித்துக்கொண்டு காற்றறைகளுக்குள் புகுகிறது. ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தபின், மூச்சுக்குழலின் உட்பரப்பில் ஓயாது மேல்நோக்கி அசையும் நுண்ணிழைகளின் மீது ஏறித் தொண்டைக்கு வருகிறது. நாம் அறியாமலே அதனை மறுமுறை விழுங்குகிறோம். இரண்டு வாரத்தில் இந்தச் சுற்று முடிந்து, புறப்பட்ட அதே சிறுகுடலுக்கு அது திரும்பிவிடுகிறது; அங்கே இன்னும் இரண்டு சட்டைகளைக் கழற்றிப் பூரண வடிவம் எய்துகிறது. பல புழுக்கள் ஒருங்கே இப்படிச் சுவாசகோசத்தைக் கடக்கும்போது எழும் இருமலும் இளைப்பும், எக்ஸ்ரே படத்தில் தோன்றி மறையும் நிழல்களும் லொஃப்லர் என்ற ஸ்விட்சர்லாந்து மருத்துவரால் 1932இல் விவரிக்கப்பட்டு அவர் பெயராலேயே வழங்குகின்றன.

புறப்பட்ட இடத்துக்கே திரும்புவதற்கு இத்தனை தூரம் ஏன் அலைய வேண்டும்? இந்தக் கேள்வி என்னை நெடுநாள் ஆட்கொண்டிருந்தது. இப்படி உடலினுள் யாத்திரை செய்து திரும்பும் புழுவினங்கள், யாத்திரை செய்யாத தம் இனத்தாரைக் காட்டிலும் பெரிதாக வளர்கின்றன என்று ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். இளம் புழுவுக்குப் பிராணவாயு மிகுதியாக வேண்டும். நம் உடலில் அது சுவாசகோசத்தைவிடத் தாராளமாகக் கிடைக்கும் இடம் வேறு எது? இனத்தின் தொன்மையான மூதாதைகளின் பழக்கம் இன்றும் தொடர்கிறது என்பாரும் உளர். இரண்டும் சேர்ந்தே உண்மையாக இருக்கலாம்.

வளர்ந்த புழு வேறொரு பிராணிபோல வாழ்கிறது. பெண் 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை நீளும். ஆண் சற்றுச் சிறியது, வாலில் ஒரு வளைவு உடையது. கொக்கிப்புழுவைப்போல் கவ்விப் பற்றிக்கொள்ளும் வாய் இதற்கு இல்லை. நாடாப்புழுவைப்போல் உறிஞ்சியும் இல்லை. ஓயாமல் கீழ்நோக்கித் தள்ளும் குடலின் அலையை எதிர்த்து, ஆற்று வெள்ளத்தில் மீன் நிற்பதுபோல், தன் தசைகளின் பலத்தால் மட்டுமே அது இரவும் பகலும் நின்றுகொண்டிருக்கிறது. இறைச்சியையே கரைத்துவிடும் நம் ஜீரண நீர் அதனைக் கரைக்காதிருப்பதற்குக் காரணம், அந்நீரின் சக்தியை முடக்கும் பொருள்களை அது தானே சுரப்பது. பிராணவாயு மிகவும் அருகிய அவ்விடத்தில், வாயு இன்றியே ஆகாரத்திலிருந்து பலத்தைப் பெறும் உபாயத்தையும் அது கைக்கொண்டிருக்கிறது. அதன் உடல் திரவத்திலும் நம் இரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின் உண்டு. ஆனால் அது பிராணவாயுவை நம்முடையதைக் காட்டிலும் ஏறத்தாழ 25,000 மடங்கு இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்த வம்சத்துக்கு மனித அறிவு பட்டிருக்கும் கடனையும் இங்கே சொல்ல வேண்டும். குதிரையின் குடலில் வாழும் இதன் நெருங்கிய உறவுப் புழுவின் முட்டையில்தான், தந்தையும் தாயும் குரோமோசோம்களைச் சமபாதியாகத் தருகிறார்கள் என்பதை பெல்ஜியம் தேசத்து வான் பெனடன் 1883இல் கண்டார்.

ஒன்றிரண்டு புழுக்கள் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரிவதில்லை. பல சேர்ந்தால் குழந்தையின் ஆகாரத்திலும் வைட்டமின் ஏ சத்திலும் பங்கு போகிறது; மிகப் பல சேர்ந்து பின்னிக்கொண்டால் குடலே அடைபட்டுவிடும். தென்கொரியாவின் ஜொன்ஜு நகரில் 1963இல் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் குடலிலிருந்து அறுவைச் சிகிச்சையால் 1,063 புழுக்கள் எடுக்கப்பட்டன, குழந்தை பிழைக்கவில்லை. துவாரம் கண்ட இடத்தில் நுழையும் சுபாவமும் இதற்கு உண்டு. பித்தக்குழாயில் ஏறிவிட்ட புழுக்களால் துன்புற்ற 500 நோயாளிகளைப் பற்றி, காஷ்மீரத்து மருத்துவர் முகமது சுல்தான் குரூ 1990இல் வெளியிட்ட ஆராய்ச்சி உலகெங்கும் படிக்கப்பட்டது.

மருந்து நமக்குப் புதிதன்று. டெல்லியின் ரிட்ஜ் என்னும் குன்றுக்காட்டில் பங்குனி மாதத்தில் செந்தழல்போலப் பூக்கும் 'டாக்' மரம், நம் நாட்டில் பலாசு என்றும் புரசு என்றும் பெயர் பெற்றது. அதன் விதையை வயிற்றுப் பூச்சிக்குக் கொடுப்பது நெடுநாளைய வழக்கம். அவ்விதையில் பலாசோனின் என்னும் சத்துப் பொருள் இருப்பதை இரசாயன நூலார் பின்னர் கண்டார்கள். இன்று அந்த இடத்தை அல்பெண்டசோல் மாத்திரை பெற்றிருக்கிறது. புழுவின் உயிரணுக்களுக்குள் சட்டம்போல நின்று பொருள்களைக் கொண்டு செல்ல உதவும் நுண்குழல்கள் உருவாகாதபடி அது தடுத்துவிட, சர்க்கரையை ஏற்க இயலாமல் புழு பட்டினியால் தளர்ந்து வெளியேறுகிறது. 2015 முதல் பிப்ரவரி 10ஆம் தேதி தேசியக் குடற்புழு நீக்க நாளாக அனுசரிக்கப்படுகிறது. ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இந்த மாத்திரையை மெல்லக் கொடுக்கிறார்கள்.

இந்த முயற்சி நல்லது. நான் அதனை மனமாரப் போற்றுகிறேன். ஆனால் மாத்திரை மட்டும் போதும் என்னும் நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. டெல்லியை அடுத்த உத்தரப் பிரதேசத்தில் பத்து இலட்சம் சிறு குழந்தைகளைக் கொண்டு ஐந்தாண்டு நடந்து 2013இல் வெளியான டெவ்டா ஆராய்ச்சியில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்பெண்டசோல் பெற்ற குழந்தைகளின் எடையிலும் ஆயுளிலும் எதிர்பார்த்த அளவு மாறுதல் காணப்படவில்லை. மாத்திரை தவறாது புழுவை வெளியேற்றுகிறது. ஆயினும் பல தேசங்களில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, மருந்து கொடுத்த ஓராண்டுக்குள் உருளைப்புழு ஏறக்குறையப் பழைய அளவுக்கே திரும்பியிருந்தது. குடலில் உள்ள புழு எண்ணத்தக்கது. முற்றத்து மண்ணில் காத்திருக்கும் முட்டைகளோ எண்ணிக்கைக்கு அடங்காதவை, மாத்திரையும் அவற்றைத் தொடுவதில்லை. 1971இல் மக்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் புழு இருந்த தென்கொரியா, ஆண்டுக்கு இருமுறை பள்ளிப் பிள்ளைகளின் மலத்தைப் பரிசோதித்து மருந்து கொடுத்ததோடு, மனிதக் கழிவை வயலுக்கு எருவாக இடும் வழக்கத்தையும் கைவிட்டபோதுதான், ஒரு தலைமுறைக்குள் அந்தத் தொல்லையிலிருந்து நீங்கியது.

டெல்லியில் பாலம் பகுதியை ஒட்டி, பிந்தேஷ்வர் பாடக் நிறுவிய சுலப் இயக்கத்தின் வளாகம் இருக்கிறது. அங்கேயுள்ள கழிப்பறைகளின் அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போகிறவர் பலர். நான் முக்கியமாகக் கருதுவது அவ்வியக்கம் ஊர் ஊராகப் பரப்பிய இரட்டைக்குழிக் கழிப்பறையை. ஒரு குழி நிரம்பியதும் அதனை மூடிவிட்டு மற்றொன்றைத் திறப்பார்கள். மூடிய குழியை ஏறக்குறைய இரண்டாண்டு யாரும் தீண்டுவதில்லை. மற்ற நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு இத்தனை காலம் வேண்டியதில்லை. இவ்வளவு நீண்ட அவகாசம் கொடுக்க நேர்வது முக்கியமாக உருளைப்புழுவின் முட்டைக்காகவே. மண்ணிலிருந்து வெளிக்காற்றும் மனிதக் கையும் விலக்கப்பட்டு, கோடையும் மாரியும் இருமுறை தலைக்கு மேல் கடந்து போனபின் அக்குழியைத் திறந்தால், துர்நாற்றம் இல்லாத, கையில் அள்ளினால் உதிர்ந்து விழும் கருமையான மண் இருக்கும். அதிலிருந்து ஒரு சிட்டிகையை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தால், பழுப்புப் போர்வையும் மேடுகளும் கலையாத முட்டைகளை அப்போதும் காணலாம். ஓடு அப்படியே இருக்கும். உள்ளே சுருண்டிருந்த புழு அசையாது.